லட்டு இல்லாத மொட்டை

மார்ச் 4, வியாழன்

காலையிலேயே வெயில். மாசி இன்னும் முடியவில்லை, அதற்குள் புத்தூர் கொதிக்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை.

சீப்பில் முடி. நேற்றும் வந்தது, அது எப்போதும் வருகிற அளவு. இன்று கொத்தாக. சீப்பை வைத்துவிட்டுக் கையால் லேசாக இழுத்துப் பார்த்தேன், வந்துவிட்டது. கொஞ்சமும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் பயமாக இருந்தது. பேப்பரில் மடித்துக் குப்பைக்கு அடியில் போட்டேன். பக்கத்து வீட்டு லட்சுமியம்மாவுக்கு என் குப்பைக் கூடை மேலும் ஒரு கண் உண்டு.

டாக்டரம்மா சொன்னதுதான். முதல் ஊசிக்குப் பிறகு கொட்டும், எல்லா ஊசியும் முடிந்தபின் மறுபடி வளரும். தெரிந்த விஷயம். தெரிந்தும் கண்ணாடி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உலையில் அரிசி குழைந்துபோனது.

கவலை:
ரேவதி அடுத்த சனிக்கிழமை வருகிறாள். ஐதராபாத் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வருகிறாள். குவைத் விசா வரும்வரை இங்கேதான்.
அவள் நர்ஸ்.
என் தலை.

அவளுக்குத் தெரிந்தால் போக மாட்டாள். அவள் நைனா, என் வீட்டுக்காரர், போனபோது பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு எனக்குத் துணைக்கு உட்கார்ந்தவள். பத்தாம் வகுப்பில் ஒரு வருஷம் போயிற்று. அவர் பார்த்த வேலைக்கு வாரிசாக எனக்குக் கண்டக்டர் வேலை கிடைத்த பிறகுதான் மறுபடி பையைத் தூக்கினாள். இன்னொரு தடவை என்னால் அவள் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் என் கணக்கு.

ஜனவரியில் ஆபரேஷன் நடந்தபோது போனில் அவளிடம் சொன்னது: பஸ் படியில் வழுக்கி விழுந்தேன், இடது கைக்குப் புத்தூர் கட்டு போட்டிருக்கிறேன். "எக்ஸ்ரே எடுத்தியா? எடுக்காமயே கட்டு போட்டுக்கினியா? நர்ஸப் பெத்தவளாம்மா நீ?" என்று கத்தினாள். அவள் கத்தக் கத்த எனக்கு நிம்மதி. நம்பிவிட்டாள்.

கைப் பயிற்சி: இடது கை விரல்களைச் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றி, எட்டுகிற இடத்தில் கண்மையால் ஒரு கோடு. இன்றும் தோளுக்குக் கீழேதான். இத்தனை வருஷமும் பஸ்ஸின் பக்கத் தகரத்தை இடது கையால் தட்டித்தான் ரைட் கொடுத்திருக்கிறேன். வலது கையில் டிக்கெட் கட்டு இருக்கும். இப்போது புத்தூர் பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். லைட் டூட்டி. தட்டுவதற்கு ஒன்றுமில்லை.

மார்ச் 6, சனி

பத்மா வந்தாள். டிப்போவில் மேனேஜரை விட்டால் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் கண்டக்டர். திருப்பதிக்காரி. தமிழில் ஆரம்பித்தால் தெலுங்கில் முடிப்பாள்.

"அக்கா, கொண்டமீத போலாம் வா. குண்டு கொட்டிஞ்சுகோ. வேண்டுதல்னு சொல்லிடு. திருப்பதி பக்கத்துல மொட்டத் தலைய எவ திரும்பிப் பாக்கறா?"

மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். நல்ல யோசனை. திருப்பதி வண்டியில் நான் ஏற்றி இறக்கிய மொட்டைகளுக்குக் கணக்கே இல்லை. சந்தனம் பூசிய தலைகள், குடும்பம் குடும்பமாக. "மொட்டம்மா, உள்ள போம்மா" என்று அதட்டியிருக்கிறேன். ஒருத்தியிடமும் ஏன் என்று கேட்டதில்லை.

ஆனால் மலைக்குப் போக மனம் வரவில்லை. தானாகக் கொட்டுகிற முடியையா சாமிக்குக் கொடுப்பது? அழுகப் போகிற வாழைப்பழத்தை அர்ச்சனைத் தட்டில் வைக்கிற வேலை. ஊரிடம் பொய் சொல்லலாம், ஏழுமலையானிடம் முடியாது. பத்மாவிடம் சொன்னேன். "நீகு ரொம்ப கொழுப்பு அக்கா" என்றாள். பிறகு பிளேடு வாங்கி வந்தாள்.

சமையலறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் அழவில்லை. பத்மா அழுதாள். "தல என்னுது, நீ ஏன் அழுவுற, பிளேடு கழுத்துல எறங்கப் போவுது" என்றேன். முடிந்ததும் தண்ணீர் ஊற்றினாள். தலையில் தண்ணீர் இவ்வளவு குளிராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சந்தனம் அரைத்துப் பூசியாயிற்று. சொல்ல வேண்டியது: திருமலைக்குப் போனேன், முடி கொடுத்தேன், ரேவதி விசாவுக்காக வேண்டுதல். மூன்றே வரி. நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 7, ஞாயிறு

மூன்று வரியும் முதல் நாளே போயிற்று.

பால் வாங்க வெளியே வந்தேன். லட்சுமியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அட, கோவிந்தா! சொல்லாம கொள்ளாம போயிட்டு வந்துட்டியா! மொகம் லட்சணமா கீது." இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தாள். அப்புறம் கையை நீட்டினாள். "லட்டு எங்க?"

லட்டு.

இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். திருமலைக்குப் போனவள் தெருவுக்கு லட்டு கொடுக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்று தெரியாதவளா? தலையை மழித்தோம், சந்தனம் பூசினோம், இரண்டு பேருக்கும் லட்டு ஞாபகம் வரவில்லை.

கூட்டம், தீர்ந்துவிட்டது என்றேன். "திருமலைல லட்டு தீந்துடுச்சா?" என்றாள், கடலில் தண்ணீர் தீர்ந்துவிட்டதா என்பது போல. உடனே, இல்லை, டிப்போவில் எல்லோரும் பிய்த்துத் தின்றுவிட்டார்கள் என்றேன். டிக்கெட் எடுக்காதவர்கள் இப்படித்தான் உளறுவார்கள். முதலில் தொலைந்துவிட்டது என்பார்கள், அப்புறம் முன்னால் மாமாவிடம் இருக்கிறது என்பார்கள். எத்தனை பேரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறேன்!

"எனக்கு ஒரு தூள் கூட வக்கலியா?" என்று முகம் சுருங்க உள்ளே போனாள். இவளே இப்படிக் கேட்டால் ரேவதி எப்படிக் கேட்பாள்?

மார்ச் 9, செவ்வாய். திருப்பதி, பத்மா வீடு

இரண்டாவது ஊசி. சிவப்பு மருந்து. சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலில் மலை தெரிகிறது. அதையும் பார்க்க முடியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் வெதுருகுப்பத்து அம்மா ஒருத்தி. வேர்க்கடலை பிடுங்குகிற நாளில் இங்கே வந்து படுத்திருக்கிறோமே என்பதுதான் அவளுக்குப் பெரிய துக்கம். அவளைப் பார்க்க வந்த நாத்தனார் நர்ஸிடம் மெதுவாகக் கேட்டது காதில் விழுந்தது: "இது ஒட்டுமா சிஸ்டர்? டம்ளர தனியா வச்சிருக்கோம்." நர்ஸ் சிரித்துவிட்டு, ஒட்டாது என்றாள். நாத்தனார் நம்பியதாகத் தெரியவில்லை. கட்டில் கம்பியில் கை படாமல் நின்றாள்.

இதனால்தான் நானும் வாயைத் திறப்பதில்லை. இந்த நோட்டில்கூட அதன் பெயரை இதுவரை எழுதவில்லை. எழுதவும் போவதில்லை.

மார்ச் 11, வியாழன்

வாந்தி. வாந்தி. மோர். வாந்தி. பத்மாவின் மாமியார் முகம் சுளிக்காமல் வாளி கழுவுகிறார். டீசல் வாசனை நினைத்தாலே குமட்டுகிறது. இத்தனை வருஷம் அதில் சோறு தின்றவள்.

மார்ச் 13, சனி

ஜன்னலில் உட்கார்ந்தேன். இன்று மாலை ரேவதி. காலை முதல் ஒரே வேலை: திருப்பதியிலிருந்து வரும் வண்டிகளில் இறங்குகிறவர்களின் கைப்பையைப் பார்ப்பது.

மத்தியானம் திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, திருத்தணி வண்டி எப்போது என்று கேட்க வந்தது. அந்த அம்மா கையில் லட்டுப் பை, நெய் கசிந்துகொண்டு. வண்டி நேரத்தைச் சொன்னேன். அப்புறம் வெட்கத்தை விட்டு, "ஒரு லட்டு கிடைக்குமாம்மா?" என்றேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். "நீங்களே குடுத்துட்டு வந்திருக்கீங்க. உங்களுக்குக் கெடைக்கலயா?"

"வீட்ல பொண்ணு வருது. பத்தல."

வாயைத் திறந்தாலே இப்போது ஒரு பொய் வந்து விழுகிறது. அவள் ஒரு முழு லட்டை எடுத்துக் கொடுத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினேன். பொய் என்னுடையது, பிரசாதம் நிஜம்.

பாதி லட்சுமியம்மாவுக்கு. "டிப்போல துன்னுட்டாங்கன்ன?" "ஒண்ணு ஒளிச்சு வச்சிருந்தேன்." மீதி ரேவதிக்கு.

ரேவதி இறங்கியதும் தலையைத்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள். இடது பக்கம் படாமல் நான் உடம்பைத் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 14, ஞாயிறு

"விசாவுக்கு வேண்டுதலா?"

"ஆமா."

"விசா இன்னும் வரலியேம்மா. காரியம் ஆன பின்னாடிதானே முடி குடுப்பாங்க?"

"வந்துடும்னு நம்பிக்கை."

"டிக்கெட் எடுத்துட்டு பஸ்ஸுக்கு நிக்கிற." சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கையைக் காட்டச் சொன்னாள். கட்டு எப்போது பிரித்தார்கள், எங்கே எலும்பு, தூக்கு பார்க்கலாம். பாதி தூக்கியதும் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. "சரியாக் கட்டல" என்று எலும்புக் கட்டுக்காரர்களைத் திட்டினாள். ஒரு பாவமும் அறியாதவர்கள்.

சுவரில் கோடு என்ன என்றாள். கடிகாரம் மாட்டக் குறித்தது என்றேன். "தோளுக்குக் கீழயா கடிகாரம்?"

அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 21, ஞாயிறு. உகாதி

புளி, வேப்பம்பூ, மாங்காய், வெல்லம். பச்சடி ரேவதி செய்தாள். என் நாக்கில் எதுவும் ஏறவில்லை. எல்லாம் இரும்பைச் சப்புகிற மாதிரி.

"எப்படி கீதும்மா?"

"சரியா கீது. எல்லாம் அளவா."

பின்னாலேயே கிண்ணத்தோடு லட்சுமியம்மா. ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏண்டி, உப்பே போடலியே!" என்றாள்.

ரேவதி என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. போய் உப்பு எடுத்து வந்தாள். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கேட்காதது இப்போதுவரை உறுத்துகிறது.

மார்ச் 24, புதன்

விசா வந்துவிட்டது! எஸ்.டி.டி. பூத்துக்காரர் கூப்பிட்டு அனுப்பினார், சென்னையிலிருந்து ஏஜென்ட். ரேவதி ஓடி வந்து என்னைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினாள். இருபத்து மூன்று வயதுக்காரி, சின்னப் பெண் மாதிரி.

தெருவில் இப்போது எனக்குத் தனி மரியாதை. லட்சுமியம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "முன்னாடியே குடுத்தா சாமி சீக்கிரம் கேக்குதாம்." அவள் மருமகளை வேறு கிளப்பிவிட்டிருக்கிறாள், குழந்தைக்காக முன்கூட்டியே மொட்டை போடச் சொல்லி. அந்தப் பெண்ணுக்கு இடுப்பு வரை கூந்தல். என்னால் அது போனால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது! கூப்பிட்டு, எதற்கும் அவசரப்படாதே என்று சொல்லி அனுப்பினேன்.

விளக்கேற்றி நின்றேன். கொடுக்காத முடிக்குக் கொடுத்த பலன். அப்பனே, நான் உனக்குப் பாக்கி. முடி மறுபடி வளரட்டும். நன்றாக வளர்ந்த பிறகு, கொட்டாத முடியாக, கொண்டுவந்து கொடுக்கிறேன். வளரும்வரை என்னை வைத்திரு. அதைக் கேட்கும்போதுதான் அழுகை வந்தது.

மார்ச் 30, செவ்வாய்

மூன்றாவது ஊசி. ரேவதியிடம் சொன்னது: திருப்பதியில் டபுள் டூட்டி, பத்மா வீட்டில் தங்கல்.

மோர்சாதம் கட்டிக் கொடுத்தாள். கூழாகப் பிசைந்து, கடுகுகூட இல்லாமல். ஊறுகாய் எங்கே என்றேன். "வெயிலுக்கு வயித்துக்கு ஆவாது." வாயெல்லாம் புண், ஊறுகாய் இருந்தாலும் தொட்டிருக்க முடியாது. நல்லதாகப் போயிற்று.

வெதுருகுப்பத்து அம்மாவின் கட்டிலில் வேறு ஆள். கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஏப்ரல் 6, செவ்வாய்

புருவம். முகம் கழுவித் துண்டால் துடைத்தேன், துண்டில் புருவம். இமையிலும் பாதி இல்லை. கண்ணாடியில் யாரோ.

ஃபேன்சி ஸ்டோரில் ஐப்ரோ பென்சில். கடைக்காரப் பெண், "ஆன்ட்டி, பிரவுனா பிளாக்கா?" என்றாள். வாழ்நாளில் பவுடர், கண்மை தவிர எதுவும் பூசாதவள் நான். கருப்பு. முதல் நாள் இரண்டு புருவமும் இரண்டு உயரத்தில். ஜன்னலுக்கு வந்த பெரியவர் ஒருவர், "தர்சனம் பாக ஐந்தா அம்மா?" என்று கேட்டார், தரிசனம் நன்றாக ஆனதா என்று. மொட்டை போட்டு ஒரு மாசம் ஆகிறது, ஒரு முள்கூட முளைக்கவில்லை. புதிதாகப் போட்ட மொட்டை என்று நினைத்துவிட்டார்.

அதுதான் அடுத்த பயம். நிஜ மொட்டை என்றால் இந்நேரம் கருகருவென்று கிளம்பியிருக்க வேண்டும். ரேவதி எதிரில் எப்போதும் முக்காடு. வெயில் என்று சொல்லிக்கொள்கிறேன், நிழலிலும்.

ஏப்ரல் 9, வெள்ளி

டூட்டி முடிந்து வந்தால் கொடியில் என் தலையணை உறை காய்கிறது. நான் துவைக்கவில்லை. மற்ற துணி எதுவும் துவைக்கப்படவில்லை, அது ஒன்று மட்டும்.

சாப்பிடும்போது அவள் குவைத் ஆஸ்பத்திரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாள்.

ஏப்ரல் 14, புதன்

டிக்கெட் 24-ஆம் தேதி ராத்திரி, சென்னையிலிருந்து. நான்காவது ஊசி 20-ஆம் தேதி. நடுவில் மூன்று நாள், வாந்தி அடங்கிவிடும், ஏர்போர்ட்டுக்குப் போகலாம். எல்லாம் சரியாக அமைந்திருக்கிறது. சரியாக அமைந்தாலே இப்போதெல்லாம் பயம்.

வாங்க வேண்டியது: பெட்டிக்குப் பூட்டு. பருப்புப்பொடி. மாங்காய்த் தொக்கு (லட்சுமியம்மா தருகிறேன் என்றாள்). சூடுபட்டால் போட மருந்து. உள்பாவாடைக்கு நாடா. அவள் நைனா படம், சின்னது.

ஏப்ரல் 20, செவ்வாய்

பயந்தபடியே. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா தலையை ஆட்டினார். வெள்ளை அணு குறைவு. "இன்னிக்கு வேணாம். அணு ஏற ஊசி ஒண்ணு தரேன், வெள்ளிக்கிழமை வாங்க. ஏறியிருந்தா அன்னிக்கே மருந்து போட்டுடலாம்."

வெள்ளி என்றால் 23. அடுத்த நாள் அவள் விமானம்.

மருந்து போட்ட மறுநாள் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியும். தலையைத் தூக்க முடியாது. சென்னைக்கு நாலு மணி நேரம் பஸ். ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. "ஏம்மா, இது பஸ் இல்ல, அடுத்த வண்டில போறேன்னு சொல்றதுக்கு." என் வேலை தெரிந்து சொன்னாரா, தற்செயலா, தெரியவில்லை.

ஏப்ரல் 21, புதன்

முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை போக மாட்டேன். பெற்ற மகளை விமானம் ஏற்றப் போகாத தாய் உண்டா? அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம்.

மத்தியானம் முடிவு மாறியது. நான் செத்துவிட்டால் அவள் எப்படியும் திரும்பி வந்துவிடுவாளே, அப்போது எதற்கு இவ்வளவு பொய்?

சாயங்காலம் மறுபடி பழைய முடிவு.

ரேவதி பெட்டி அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீ ஏர்போர்ட்டுக்கு வர வேணாம்மா. என்கூட இன்னும் ரெண்டு பொண்ணுங்க வருது, நகரி ஊர்லருந்து இங்க வந்துடும். சேந்து போயிடுவோம். நீ இங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தா போதும்."

கல்லைத் தூக்கி இறக்கி வைத்த மாதிரி இருக்க வேண்டும். இல்லை. வர வேண்டாம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்! மொட்டைத் தலையோடு வந்து நிற்பேன் என்று கூச்சமோ? அந்தப் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்றோ? பிள்ளை மேல் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை போகிறேன். போட்டுக்கொள்கிறேன், போ.

ஏப்ரல் 23, வெள்ளி

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக வரும். பத்மா வீடு இல்லை, என் வீடு. முதல் தடவையாக ஊசி போட்டுக்கொண்டு என் வீட்டிலேயே படுத்திருக்கிறேன்.

காலையில் "டூட்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியபோது ரேவதி தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற மாதிரி இருந்தாள். ரத்தம் கொடுத்துவிட்டு, அணு ஏறியிருக்கிறது என்று தெரிந்து, மருந்து ஏற்றுகிற வார்டுக்கு நடந்தேன். வராந்தா பெஞ்சில் பிளாஸ்க்கும் துண்டுமாக அவள்.

நான் திரும்பி ஓடப் பார்த்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ஓடப் பார்த்தேன்.

"எங்க ஓடுற? உக்காரும்மா. டோக்கன் எடுத்துட்டேன்."

"இல்ல, டூட்டி விஷயமா..."

"போதும்மா. மொட்ட அடிக்கிறவங்க புருவத்த எடுக்க மாட்டாங்க."

உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"உப்பில்லாத பச்சடிய அளவா கீதுன்னியே, அன்னிக்கே சந்தேகம். அப்பறம் தலவாணில கருப்பு மை. மறுநாளே பத்மாக்காவப் புடிச்சேன். ரெண்டு கேள்வி தாங்கல அவங்க, ஓன்னு அழுதுட்டாங்க."

பத்மாவா! நேற்றுகூட ஜன்னலில் என்னோடு டீ குடித்துவிட்டுப் போனாளே, களவாணி.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா ரெண்டு பேரும் உக்காந்து அழுதுகினு இருந்திருப்போம். நீ என்கிட்ட மறைக்கிற வேகத்துல எழுந்து, குளிச்சு, டூட்டிக்குப் போய்க்கினு இருந்த. அத நிறுத்த மனசு வரல."

மருந்து ஏற்ற வந்த பெண் நரம்பு தேடினாள். ரேவதி என் கையைத் திருப்பி, தடவிப் பார்த்து, "இது வேணாம் சிஸ்டர், கீழ ஒண்ணு இருக்கு" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஒரே குத்தில் கிடைத்தது. என் மகள் வேலை செய்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. விரல்களில் அவசரமே இல்லை.

சிவப்பு மருந்து இறங்க ஆரம்பித்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எல்லாம் தெரியும் இவளுக்கு. தெரிந்தும் பெட்டி கட்டியிருக்கிறாள். போக வேண்டும், போக வேண்டும் என்று இரண்டு மாசமாக நாய்பாடு பட்டவள் நான்தான். ஆனாலும் வாயிலிருந்து இதுதான் வந்தது:

"அப்ப... தெரிஞ்சேதான் போறியா?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை. பெஞ்சை இழுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"டாக்டரம்மாவ ரெண்டு தடவ பாத்துப் பேசிட்டேன். எல்லா ரிப்போர்ட்டும் படிச்சேன். கட்டி முழுசா எடுத்தாச்சு. அக்குள்ல பரவல. நாலாவது ஊசி இது, இன்னும் ரெண்டு. அதுக்கு பத்மாக்கா கூட வருவாங்க, லீவு சொல்லியாச்சு. ஐதராபாத்ல இந்த மாதிரி வார்டுலதான்மா ரெண்டு வருஷம் இருந்தேன். யாரு வீட்டுக்குப் போவாங்க, யாரு போவ மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வரி, ஒரே ஒரு வரி வேற மாதிரி இருந்திருந்தா விசாவக் கிழிச்சுப் போட்டுட்டு உக்காந்திருப்பேன்."

எழுந்து, பாட்டிலில் சொட்டு இறங்குகிற வேகத்தைச் சரி பார்த்தாள்.

"நான் போறேன்னா இன்னா அர்த்தம்? நீயே யோசி."

யோசித்தேன். வழியெல்லாம் யோசித்தேன். பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி, அவள்தான் பிடித்தாள். டாக்டரம்மா எத்தனையோ முறை "சரியாகிவிடும்" என்று சொன்னார், நான் நம்பியதில்லை, எல்லோரிடமும் சொல்வதுதானே என்று இருந்தேன். இவள் போகிறாள் என்பதை நம்புகிறேன்.

ஏப்ரல் 24, சனி

தலை சுற்றல். மோர் இரண்டு வாய், நின்றது.

காலையில் எழுந்தால் ரேவதி நாற்காலி மேல் ஏறி நின்று சுவரில் கண்மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என் கோட்டுக்கு எவ்வளவோ மேலே. "ரெண்டு வருஷத்துல லீவுல வருவேன். உன் கை இங்க தொடணும். ஜடையும் போட்டு வச்சிரு. மலைக்குப் போயி நிஜமாவே குடுத்துட்டு வரலாம். லட்டு வரிசைல நான் நிக்கிறேன்."

லட்சுமியம்மா தொக்கு கொண்டுவந்தாள். நான் படுத்திருப்பதைப் பார்த்து, பொண்ணு போகிற கவலை என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

பஸ் ஸ்டாண்டு. நடக்க முடியாது என்று பத்மா ஆட்டோ பிடித்தாள். பத்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் கையை விடவில்லை. நகரிப் பெண்கள் ஏற்கெனவே வண்டியில். ரேவதி ஏறினாள், இறங்கினாள், காலைத் தொட்டாள், மறுபடி ஏறினாள். ஜன்னலில் முகம். இருவருமே அழவில்லை, அழுதால் நான் வாந்தி எடுத்துவிடுவேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வண்டி நின்றுகொண்டே இருந்தது. கண்டக்டர் புதுப் பையன், கீழே நின்று யாரோடோ பேச்சு. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். நேரமாகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். போய் வண்டியின் பக்கத் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டு. "ரைட்! போலாம் ரைட்!" புதுப் பையன் அலறியடித்து ஓடி ஏறினான். வண்டி கிளம்பியது. ஜன்னலில் ரேவதி சிரித்தாளா அழுதாளா, கை மட்டும் ஆடியது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்மா சோடா வாங்கப் போனாள். பக்கத்தில் திருத்தணிக்காரம்மா ஒருத்தி, மடியில் பூக்கூடை.

"பொண்ணா? எங்க போவுது?"

"குவைத்து."

"வேண்டிக்கினு மொட்ட போட்டியா?"

"இல்ல. கேன்சர். மருந்துல போயிடுச்சு."

சொல்லிவிட்டேன். இப்போது எழுதியும் விட்டேன். அவள் பூக்கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த நாத்தனாரின் டம்ளர் ஞாபகம். பிறகு அவளே மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள். "எப்போ மொளைக்குமாம்?"

"ஊசி முடிஞ்சா ஆரம்பிக்கும்."

"மழைக்காலத்துல நல்லா வளரும்" என்றாள். அவள் வண்டி வந்தது, போய்விட்டாள்.

விமானம் இந்நேரம் கிளம்பியிருக்காது. பத்மா கஞ்சி வைக்கிறாள், இன்னும் அவளோடு பேசவில்லை, நாளைக்குப் பேசலாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து உள்ளங்கை எரிகிறது, எங்கே இடித்துக்கொண்டேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தகரத்தில் தட்டியதுதான். இடது கை.